பாட்டுக்கு உடையவர் யார்?

எமது பாடசாலையில் நீண்ட காலம் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு பிரியாவிடை விருந்து நடைபெற்றது. வாழ்த்துப்பா பாடும் பணி, வழமை போலத் தமிழாசிரியனாகிய எனக்கு வாய்த்தது. எண்சீர் விருத்தத்தில் நான்கு பாக்கள் எழுதிச் சட்டமிட்டு வாசித்தேன். சபையோர் மரியாதையுடன் கேட்டனர், மரியாதையுடன் கைதட்டினர். அதன் பின்னர் எமது ஆங்கில ஆசிரியர் கிற்றார் ஒன்றை எடுத்து, மழையைப் பற்றிய ஆங்கிலப் பாட்டொன்றைத் தொடங்கினார். இரண்டாவது அடி வருமுன்னரே மண்டபம் மாறிவிட்டது. அதிபர் மேசையில் தாளமிட்டார். ஆய்வுகூட உதவியாளர் எழுந்து நின்று பாடினார். ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பவும் அஞ்சுகின்ற எமது காவலாளி, சொற்களை அரைகுறையாகவும் இராகத்தை முழுமையாகவும் பாடினார். ஓய்வு பெறும் கணித ஆசிரியரோ கண்களைத் துடைத்துக்கொண்டார். என் விருத்தத்திற்கு அவர் கண் கலங்கவில்லை என்பதையும் இங்கே மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

அப்பாட்டு 1971 இல் தனி இசைத்தட்டாக வெளிவந்தது. பாடிய குழு அதற்கு அடுத்த ஆண்டே கலைந்து போயிற்று. கிரீடன்ஸ் கிளியர்வோட்டர் ரிவைவல் என்னும் அந்த அமெரிக்க றொக் இசைக்குழுவின் பெயரை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். ஆனால் இராகம் எனக்கு அந்நியமன்று. பஸ்களிலும், கல்யாண மண்டபங்களிலும், கொழும்புக் கடற்கரையிலும் அதனைக் கேட்டிருக்கிறேன். கேட்ட போதெல்லாம் முகஞ் சுளித்திருக்கிறேன்.

மேலைத்தேய ஜனரஞ்சக இசை சந்தை பெற்ற பிள்ளை; உழைத்துக் களைத்தவனைச் சிந்திக்கவிடாது தாலாட்டும் சரக்கு. பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற காலத்திலேயே இந்த அபிப்பிராயம் என்னுள் ஊறிப் போயிருந்தது. விருந்து முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் அதனை ஆங்கில ஆசிரியரிடம் சொன்னேன். ஐம்பதைக் கடந்தவர், மட்டக்களப்பைச் சேர்ந்தவர், அவருடைய தகப்பனார் அங்கே கல்யாண வீடுகளில் கிற்றார் வாசித்தவர். அவர் கோபிக்கவில்லை.

“மாஸ்ரர், சரக்கு எண்டுறது சரிதான். ஆனா என்ன சரக்கு எண்டு ஒருக்காப் பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க” என்றார்.

அன்றிரவே இருபது பாடல்களை என் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் பாடல்களின் சொற்களையும் தாளில் எழுதித் தந்தார். ஏறக்குறைய ஒரு மாத காலம் அப்பாடல்களோடு இருந்தேன்.

அந்த இருபது பாடல்களும் சேர்ந்த தொகுப்பு 1976 இல் ‘குரோனிக்கிள்’ என்ற பெயரில் வெளிவந்ததாகும். குழு கலைந்து நான்காண்டுகளின் பின் வந்த அது அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாகியிருக்கிறது. அந்நாட்டின் ‘பில்போர்ட்’ விற்பனைப் பட்டியலில் 500 வாரங்களுக்கும் அதிகமாக இடம்பெற்றிருக்கிறது. புதிதாக ஒரு பாடலும் தராத குழுவின் பழைய தொகுப்பை, அதன் காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் கேட்கின்றனர். இதற்குக் காரணம் விளம்பரம் மட்டுமே என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா? விளம்பரத்தின் ஆயுள் ஒரு பருவம், அல்லது இரண்டு.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையில் எல் செரிட்டோ என்றொரு சிற்றூர். அங்கே கனிஷ்ட பாடசாலையில் ஒன்றாகப் படித்த ஜோன் போகட்டி, டக் கிளிபேட், ஸ்ரூ குக் என்னும் மூன்று சிறுவர்கள் 1959 இல் வாத்தியம் வாசிக்கத் தொடங்கினர். ஜோனின் தமையனார் ரொம் போகட்டி பின்னர் சேர்ந்துகொண்டார். 1964 இல் ‘பான்டசி’ என்னும் இசைத்தட்டுக் கம்பனியுடன் ஒப்பந்தமாயினர். கம்பனி அவர்களுக்குத் தான் விரும்பிய பெயர் ஒன்றைச் சூட்டிற்று. அப்பெயரை அவர்கள் அறவே வெறுத்தனர். பத்தாண்டுக் காலம் எவரும் பொருட்படுத்தாத உழைப்பின் பின்னரே, 1968 இன் தொடக்கத்தில், தாமே தெரிந்த புதுப் பெயருடன் அவர்கள் வெளியுலகுக்குத் தெரியலாயினர். அடுத்த ஆண்டாகிய 1969 இல் மாத்திரம் மூன்று நீள இசைத்தட்டுகளை வெளியிட்டனர்.

ஒரு சுவையான செய்தி. இக்குழுவின் ஐந்து தனி இசைத்தட்டுகள் ‘பில்போர்ட்’ பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றன. தனி இசைத்தட்டுகளுள் முதலாம் இடத்தை ஒன்றேனும் எட்டியதில்லை. அவ்வாரங்களில் முதலிடம் பெற்ற பாடல்களுட் சில இன்று தேடிப் பார்க்க வேண்டியவை. பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு பிள்ளைகளை வரிசைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர் இதனைச் சற்று மனங்கொள்ளலாம்.

அவர்கள் நாள்தோறும் பயிற்சி செய்த இடம் பேர்க்லி நகரத்துப் பண்டகசாலை ஒன்று. முரசு வாசிக்கும் கிளிபேட் அதனைத் ‘தொழிற்சாலை’ என்று கேலியாக அழைப்பாராம். 1970 இல் வந்த அவர்களது இசைத்தட்டு ஒன்றுக்கு அப்பெயரே வாய்த்தது. கஞ்சாப் புகைக்கும் கட்டற்ற போக்கிற்கும் பெயர் போன அக்காலத்து சான் பிரான்சிஸ்கோ இசையுலகில், இவர்கள் காலையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளரைப் போல வாத்தியங்களிடம் சென்றனர். பாடல்களும் அவ்விதமே அமைந்தன. பல பாடல்கள் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வித்தை காட்டும் வாசிப்பு இல்லை. கிற்றாரின் ஓர் எளிய சுருதிக் கோவை, தப்பாத தாளம், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவது போன்ற ஜோனின் குரல், அன்றாடப் பேச்சுச் சொற்கள். தேவையற்ற சீர் ஒன்றைக்கூட அங்கே காண முடியவில்லை. வெண்பாவுக்கு இலக்கணம் சொல்லும் நாம் பாராட்ட வேண்டிய சிக்கனம் அது.

அவர்களது பாடல்கள் பல அமெரிக்காவின் தென்பகுதி ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் பற்றியன. ஆனால் இந்நால்வரும் தென்பகுதியில் வாழ்ந்தவரல்லர். போலி என்று சிலர் குறை கூறினர். மருதம் பாடிய புலவர் எல்லாரும் வயலில் இறங்கி நாற்று நட்டவரா என்று கேட்கத் தோன்றுகிறது. தென்பகுதிக் கறுப்பின மக்களின் இசையை வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டுக் கேட்டுத் தமக்கொரு நிலத்தை அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர். கடன் பெற்ற நிலந்தான். ஆயினும் ‘பிரவுட் மேரி’ என்ற பாட்டை, நகரத்து முதலாளியின் வேலையை உதறிவிட்டு ஆற்றுப் படகில் ஏழைகளின் ஈகையைக் காணும் ஒருவனின் அந்தக் கதையை, 1971 இல் ஐக், ரீனா ரேணர் என்னும் கறுப்பினத் தம்பதியர் தமதாக்கிப் பாடிப் பெரும்புகழ் பெற்றனர். கடன் ஒருவாறு திரும்பிச் சென்றது எனலாம். முற்றாகத் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இனி, என்னை உறங்கவிடாத பாட்டுக்கு வருகிறேன். ‘போர்ச்சுனேட் சன்’ என்பது அதன் பெயர். அதிர்ஷ்டக்காரனான மகன் என்று பொருள் கொள்ளலாம். 1969 இல் வெளிவந்தது. இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒலிப்பது. வியட்நாம் யுத்தம் உச்சத்தில் நின்ற காலம் அது. அமெரிக்காவில் கட்டாய இராணுவச் சேவை நடைமுறையில் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் படிப்போருக்கு விலக்கு உண்டு. செல்வாக்குள்ள குடும்பத்தாருக்கு வேறு வழிகளும் உண்டு. ஆகவே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் சிற்றூர்ப் பிள்ளைகளுமே பெருந்தொகையாகக் காட்டுக்கு அனுப்பப்பட்டனர். 58,000 இற்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அந்த யுத்தத்தில் மாண்டனர். வியட்நாமிய மக்களோ பல இலட்சம்.

1968 டிசம்பரில், முன்னாள் ஜனாதிபதி ஐசனோவரின் பேரனுக்கும் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டிருந்த நிக்சனின் மகளுக்கும் திருமணம் நிகழ்ந்தது. இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் யுத்தமுனைக்குப் போகப் போவதில்லை என்ற எண்ணமே அப்பாட்டுக்கு வித்தாயிற்று என்று ஜோன் போகட்டி பிற்காலத்திற் கூறியிருக்கிறார். நியாயங் கருதி ஒன்று சொல்ல வேண்டும்; அந்தப் பேரன் பின்னர் கடற்படையின் சேமப்படையிற் சேர்ந்து பணியாற்றினார். பாட்டு ஒருவரைப் பற்றியதன்று. செனட்டர் வீட்டிலும் செல்வர் வீட்டிலும் பிறந்தவனுக்கு ஒரு நீதி, பிறனுக்கு ஒரு நீதி என்பதைப் பற்றியது. பாடுவோன் தன்னை அந்த அதிர்ஷ்டக்காரர் வரிசையிலிருந்து விலக்கிக்கொள்கிறான். மீண்டும் மீண்டும், கோபத்துடன் விலக்கிக்கொள்கிறான். அதில் வியட்நாமியன் ஒருவன் கூட இல்லை என்பது என் மனக்குறை. குண்டு விழுந்த கிராமத்தின் பக்கம் அப்பாட்டு திரும்பிப் பார்க்கவில்லை.

இப்பாடலைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், உயர்தர வகுப்பில் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டைக் கற்பிக்க நேர்ந்தது. பிறந்தகத்து உறவும் கணவனும் அடுத்தடுத்துப் போரில் மடிந்த பின், ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் பூசி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்பும் தாயின் பாட்டு. மறக்குடி மகளிரின் மாண்பு என்று, நான் கற்றவாறே கற்பித்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். முச்சக்கர வண்டி ஓட்டுபவரின் மகன்; அதிகம் பேசாதவன்.

“சேர், அரசன்ர மகனும் போனவனோ?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மன்னர்களும் களத்தில் நின்று மாண்டிருக்கின்றனர் என்ற சரியான விடையை ஒருவாறு சொல்லி முடித்தேன். அவன் அமர்ந்துவிட்டான். அவன் கேட்டது சங்க காலத்தைப் பற்றி அன்று என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும்.

நான் வன்னியிற் பிறந்தவன். 2006 இல் எனக்குப் பதினாறு வயது. ஆவணி மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், கொழும்பிற் கடை வைத்திருந்த என் மாமனார் வேண்டிய பணத்தைச் செலவிட்டு, வேண்டிய கடிதங்களைப் பெற்று, என்னை அழைத்துக்கொண்டு போனார். அடுத்த வீட்டில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் ஒருவன். அவனுடைய தகப்பனார் கூலிக்கு உழவு இயந்திரம் ஓட்டியவர். அவர்களுக்குக் கொழும்பில் மாமன் இல்லை. அவன் ஊரில் நின்றான். பின்னர் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கொண்டுபோன காலம் வந்தது. 2009 இன் பின் அவனைக் கண்டவர் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டத்தில் அவனுடைய தாயாரும் படத்துடன் போய் அமர்ந்தார். வழியில் என்னைக் கண்டால், “தம்பி, படிப்பிக்கிறது சுகமா இருக்கோ?” என்றுதான் கேட்பார். வேறொன்றும் கேட்கமாட்டார்.

தெற்கிலும் இதுவே நடந்தது. வேலையற்ற சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு இராணுவச் சம்பளமே வழியாக இருந்தது. இரு பக்கத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் பட்டம் பெற்றுக்கொண்டிருந்தனர். இதனைச் சொல்வதற்கு ஓர் அமெரிக்கப் பாட்டுத் தேவையில்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது. உள்ளூர் மொழியில் எவராவது சொல்லியிருந்தால் நான் அதை ஒரு பக்கச் சார்பென்று தள்ளியிருப்பேன்.

இனி, போகட்டியைப் பற்றி ஒன்று. அவரும் முழுமையான துரதிர்ஷ்டசாலி அல்லர். 1966 இல் கட்டாய சேவைக்கு அழைப்பு வந்தபோது அவர் இராணுவச் சேமப்படையில் இடம் பெற்றுக்கொண்டார். 1968 இல் விடுவிக்கப்பட்டார். வியட்நாமுக்கு அனுப்பப்படவில்லை. கிளிபேட் கரையோரக் காவற் சேமப்படையில் இருந்தார். போனவர்களின் கோபத்தைப் பாடியவர் போகாமல் தப்பியவர். முதலில் இது எனக்கு ஒரு பொய்யாகத் தோன்றிற்று. பின்னர் வேறு விதமாக எண்ணினேன். களத்தில் மாண்டவன் பாடமாட்டான். தப்பியவன் பாடாவிட்டால் பாடுவதற்கு ஆளில்லை. ஆயினும் அவனுடைய குரலில் உள்ள அந்தக் கரகரப்பு, அரசாங்கத்தின் மேல் மட்டும் கொண்ட கோபமா, தன்மேலும் கொண்டதா என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

குழுவின் முடிவு துன்பகரமானது. 1971 இல் ரொம் விலகினார். 1972 இல் குழு கலைந்தது. அவர்களது சேமிப்பு பஹாமாஸ் தீவு வங்கி ஒன்றில் இடப்பட்டிருந்தது. அந்த வங்கி நொடித்தபோது பணமும் போயிற்று. வரியைக் குறைக்க முனைந்த வழியில் வந்த நட்டம் என்பதால் இதற்கு நான் அதிகம் இரங்கவில்லை. ஆனால் மற்றைய இழப்பு அத்தகையதன்று. இளம் வயதில் இட்ட கையொப்பத்தினால் பாடல்களின் பதிப்புரிமை கம்பனிக்குச் சொந்தமாயிருந்தது. கம்பனியின் அதிபர் சோல் சாயன்ஸ் பின்னாளில் திரைப்படத் தயாரிப்பிலும் பெரும்புகழ் பெற்றார்; அவர் தயாரித்த மூன்று படங்கள் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றன. ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காகப் போகட்டி தமக்குரிய இசைத்தட்டு வருமானத்தையே விட்டுக்கொடுத்தார். தாம் எழுதிய பாடல்களைத் தாமே மேடையிற் பாட மறுத்து, பதினைந்து ஆண்டுக் காலம் வாளாவிருந்தார்.

உலகம் முழுவதும் பாடுகிறது. பாட்டைப் பெற்றவன் மாத்திரம் வாய்மூடியிருக்கிறான். இதைவிடக் கொடிய காட்சி ஒன்றைக் கலையுலகில் நான் அறிந்ததில்லை. கொடுமையோடு விநோதமும் உண்டு. 1985 இல் அவர் வெளியிட்ட புதிய இசைத்தட்டிலுள்ள பாட்டொன்று, 1970 இல் அவரே எழுதிய வேறொரு பாட்டைப் போல் இருக்கிறது என்று கம்பனி வழக்குத் தொடுத்தது. தன்னையே திருடினான் என்பது குற்றச்சாட்டு! 1988 இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றில் சாட்சிக் கூண்டில் கிற்றாருடன் அமர்ந்து, ஒரு பாட்டு எவ்விதம் பிறக்கிறது என்பதை யூரிமாருக்கு அவர் வாசித்துக் காட்டினார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. வழக்குச் செலவு பற்றிய பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 1994 இல் அங்கும் அவர் பக்கம் நியாயம் கிடைத்தது. 1993 இல் குழுவினருக்கு றொக் இசை மண்டபத்தில் கௌரவம் அளிக்கப்பட்டபோது, பழைய நண்பர்கள் இருவருடனும் ஒரே மேடையில் வாசிக்க அவர் மறுத்தார். தமையனார் 1990 இல் இறந்துவிட்டார். அவர்களிடையே இருந்த பிணக்கு தீரவில்லை. வென்றவர் என்று இவரைச் சொல்ல மனம் வரவில்லை.

1990 இல் அவர் மிசிசிப்பிக்குச் சென்றார். அங்கே றொபேட் ஜோன்சன் என்னும் கறுப்பினக் கலைஞரின் அடக்கத் தலத்தில் நின்றபோது, இவருடைய பாடல்களின் உரிமை இன்று எவரிடம் இருக்கிறதோ தெரியாது, எவரிடம் இருந்தாலும் பாடல்கள் ஜோன்சனுடையவை அல்லவா என்ற எண்ணம் எழுந்ததாகப் போகட்டி சொல்லியிருக்கிறார். அதன் பின்னரே தம் பழைய பாடல்களைத் தயக்கமின்றிப் பாடலானார். சட்டப்படியான பதிப்புரிமையின் பெரும்பகுதி 2023 ஜனவரியில், அரை நூற்றாண்டு கழித்து, விலைக்கு வாங்கப்பட்டு அவரிடம் திரும்பி வந்தது. தன் பாட்டைத் தானே விலை கொடுத்து வாங்கினார் என்பதை மாணவருக்குச் சொன்னபோது, அவர்கள் நம்பவில்லை.

அவர் அடக்கத் தலத்திற் கண்டது பாதி உண்மை என்று நினைக்கிறேன். ஆக்கியோனுக்குக் கூலி கிடைத்தே ஆகவேண்டும். அதை உணர்ச்சிப் பேச்சால் மூடிவிடக் கூடாது. ஆனால் எமது காவலாளி எந்தப் பதிப்புரிமையையும் கேட்டுப் பாடவில்லை. எமது நாட்டார் பாடல்களும் இவ்வாறுதான், ஆக்கியோன் பெயர் உதிர்ந்து போன பின்னரும் அரிவி வெட்டுபவரின் வாயில் நின்றன. வாயில் நிற்பதற்கு அவை எளிமையாக இருந்தன. அவரவர் துயரத்தை ஏற்றுவதற்கு இடமும் இருந்தது. மழைப் பாட்டைப் போகட்டி எழுதியது, புகழின் உச்சியில் தம் குழு உடைந்துகொண்டிருந்த துயரத்தினால். கணித ஆசிரியர் அழுதது வேறொன்றுக்காக.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எவனும் எடுத்துக்கொள்வான். 1994 இல் வந்த ‘பொரஸ்ட் கம்ப்’ திரைப்படத்தில், வியட்நாமின் மேல் ஹெலிகொப்டர் பறக்கும் காட்சியில் ‘போர்ச்சுனேட் சன்’ ஒலித்தது. இப்போது பலருக்கு அது யுத்தத்தின் குற்றப்பத்திரிகை அன்று, யுத்தக் காட்சியின் அலங்காரம். 2020 இல் ஜனாதிபதித் தேர்தற் கூட்டத்தில் டொனால்ட் டிரம்ப் தரப்பினர் அதனை ஒலிபரப்பினர். செல்வந்தர் மகன், வியட்நாம் காலத்தில் மாணவர் என்றும் உடல்நலம் என்றும் ஐந்து முறை சேவை விலக்குப் பெற்றவர். போகட்டி ஆட்சேபித்து அறிவித்தல் அனுப்பினார். கூட்டத்தினர் தாளமிட்டுக்கொண்டே கேட்டிருப்பார்கள். தாளம் அத்தகையது, குற்றவாளியையும் ஆட்டுவிக்கும்.

இவை யாவற்றையும் ஆங்கில ஆசிரியரிடம் சொன்னேன். விருந்தன்று நான் சொன்னதை அவர் நினைவூட்டவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. “அப்ப அந்தப் பாட்டைத் தமிழில எழுதித் தாங்க மாஸ்ரர். பெடியனுகள் பாடட்டும்” என்றார்.

ஒப்புக்கொண்டேன். செனட்டர் வீட்டுப் பிள்ளையை மந்திரி வீட்டுப் பிள்ளையாக்கினேன். வரியேய்ப்பவனுக்குத் தமிழில் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தாளத்துக்குச் சிந்து இயைந்தது. பல்லவி தான் வரவில்லை. பாடுவோன் தன்னை அதிர்ஷ்டக்காரர் வரிசையிலிருந்து விலக்கிக்கொள்ளும் அந்த ஒரு வரியை நான்கு விதமாக எழுதினேன், நான்கையும் வெட்டினேன். ஓசை குறையவில்லை. எழுதிய கைக்கு அந்த வரி பொருந்தவில்லை.

சென்ற வாரம் பின்வாங்கு மாணவன் வந்து, “சேர், பாட்டு முடிஞ்சுதோ?” என்று கேட்டான். ஆங்கில ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டும். தாளை அவனிடமே கொடுத்தேன். பல்லவிக்கு விட்ட இடத்தைச் சற்று நேரம் பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.